மிடி கம்பியில் போவது ஒலியல்ல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மிடி கீபோர்டை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்திருக்கிறேன். என் ஹெட்போனில் பியானோ அருமையாகக் கேட்கிறது. ஆனால் இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்க உதவும் ஜாமுலஸ் மென்பொருளில் நுழைந்து நண்பர்களுடன் சேர்ந்தால், நான் பேசுவது மட்டும் அவர்களுக்குக் கேட்கிறது, வாசிப்பது கேட்கவில்லை. கீபோர்டில் பழுதா?

பதில்: கீபோர்டின் மேல் பழி போடாதீர்கள். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மிடி கம்பியில் ஒலி போவதே இல்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில், எப்போது விடப்பட்டது என்பன போன்ற குறிப்புகள் மட்டுமே போகின்றன. 1983இல் இந்த முறை வந்தபோதும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அந்தக் குறிப்பைப் படித்துப் பியானோவாக ஒலிப்பது உங்கள் கணினியில் இருக்கும் இசை மென்பொருள். ஜாமுலஸ் எடுத்துச் செல்வதோ ஒலியை மட்டும். அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்த உள்ளீட்டில் வரும் ஒலியை. நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது மைக். பியானோ ஒலி அந்தப் பக்கமே போகாமல் நேராக ஹெட்போனுக்குப் போய்விடுகிறது.

கீபோர்டுக்குள்ளேயே சொந்த ஒலிகள் இருந்தால் வேலை சுலபம். அதன் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியேறும் துளை) ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டி) ஒரு கேபிள் இழுங்கள், அவ்வளவுதான். மிடியே தேவையில்லை. பலருக்கு இது தோன்றுவதில்லை. யுஎஸ்பி துளையைக் கண்டதும் அதில்தான் செருக வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒலி கணினியிலிருந்துதான் வர வேண்டும் என்றால், அதன் வெளியீட்டை ஜாமுலஸின் உள்ளீடாகத் திருப்ப ஒரு மெய்நிகர் கேபிள், அதாவது கேபிள்போல வேலை செய்யும் மென்பொருள், வேண்டும். மேக்கில் பிளாக்ஹோல், விண்டோஸில் விபி-கேபிள், லினக்ஸில் ஜாக் அல்லது பைப்வயர் இந்த வேலையைச் செய்யும். சில இன்டர்ஃபேஸ்களில், கணினியின் ஒலியை மறுபடி உள்ளீடாகத் திருப்பும் 'லூப்பேக்' வசதி உள்ளேயே இருக்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். விண்டோஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. தாமதத்தைக் குறைக்க அங்கே பயன்படும் ஏஎஸ்ஐஓ ஒலி டிரைவர்களில் பல ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். பியானோ முந்திக்கொண்டால் ஜாமுலஸ் வெளியே நிற்கும்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள், ஜாமுலஸ்போல இணையத்தில் சேர்ந்து வாசிக்க உதவும் சோனோபஸைப் பாருங்கள். அது தனி மென்பொருளாகவும் வருகிறது, இன்னொரு மென்பொருளுக்குள் ஏற்றும் பிளக்-இன் ஆகவும் வருகிறது. ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் முதலில் பியானோவை ஏற்றி, அதே டிராக்கில் அதற்கடுத்து சோனோபஸை ஏற்றினால் மெய்நிகர் கேபிளுக்கே வேலையில்லை.

கேள்வி: ஒலியை அனுப்புவதற்குப் பதில் அந்த மிடிக் குறிப்புகளையே அனுப்பினால் என்ன? அளவு மிகவும் சிறியதாயிற்றே.

பதில்: நல்ல கேள்வி. பழைய ஐந்து முனை மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தி மூன்றே பைட், ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் போய்விடும். இன்றைய இணையத்துக்கு இது தூசு. இதற்கென்றே ஆர்டிபி-மிடி என்ற நெறிமுறையும் இருக்கிறது. மேக் கணினிகளில் 'நெட்வொர்க் மிடி' என்ற பெயரில் பல ஆண்டுகளாக உள்ளேயே இருக்கிறது. வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தாலும், அடுத்து வருவதை வைத்து இழந்ததை மீட்கும் ஏற்பாடு அதில் உண்டு.

ஆனால் செய்தி சிறியது என்பதால் அது சீக்கிரம் போய்ச் சேராது. தாமதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூரமும் வழியில் உள்ள ரூட்டர்களும்தான். கண்ணாடி இழையில் ஒளிக்கு 1000 கிலோமீட்டர் கடக்கவே சுமார் 5 மில்லி நொடி ஆகும். மூன்று பைட்டாக இருந்தாலும் முந்நூறாக இருந்தாலும் அதே 5தான். நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒலியைச் சேகரித்துச் சுருக்கி விரிக்கும் நேரத்தை மட்டுமே. அதற்கு ஈடாக, நீங்கள் தேடித் தேடி அமைத்த ஒலி நண்பரிடம் இருக்காது. அவருடைய கணினியில் உள்ள ஏதோ ஒரு பியானோதான் உங்கள் விரலுக்குப் பேசும். கூடவே பாடுகிறவருக்கு மிடி ஏது? ஒரே வீட்டுக்குள், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஆர்டிபி-மிடி மிக நன்று. ஊர் கடந்து சேர்ந்து வாசிக்க ஒலியையே அனுப்புங்கள்.

கேள்வி: ஜாமுலஸில் தாமத விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது. ஆனாலும் நான் எப்போதும் பின்தங்குகிறேன் என்கிறார்கள்.

பதில்: அந்த விளக்குக்கு உங்கள் பியானோ மென்பொருளைப் பற்றித் தெரியாது. இணையம், எல்லோருடைய ஒலியையும் கலந்து திருப்பி அனுப்பும் சர்வர், தன்னுடைய பஃபர்கள் (ஒலியைச் சற்றுச் சேர்த்து வைக்கும் இடம்) ஆகியவற்றைத்தான் அது கணக்கிடுகிறது. நீங்கள் கட்டையை அழுத்தியதிலிருந்து ஒலி பிறந்து, மெய்நிகர் கேபிளைக் கடந்து, ஜாமுலஸின் வாசலுக்கு வரும்வரை ஆகும் நேரம் அதன் கணக்கில் இல்லை. பியானோ மென்பொருளின் பஃபர் 512 ஒலி மாதிரிகள் என்று இருந்தால், 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) அது மட்டுமே 10.7 மில்லி நொடி. 128 ஆக்கினால் 2.7. முதலில் அங்கே கை வையுங்கள். ஒலி வெடித்து நொறுங்கினால் ஒரு படி ஏற்றுங்கள். ஜாமுலஸ் 48,000 ஹெர்ட்ஸில் இயங்குவது. மற்ற எல்லாவற்றையும் அதற்கே பொருத்துங்கள், 44,100இல் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

காற்றில் ஒலி ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே 25 மில்லி நொடித் தாமதம் என்பது எட்டரை மீட்டர் தள்ளி நிற்பவருடன் வாசிப்பது போன்றது. பெரிய மேடையில் இது நடக்கிற காரியம்தான். அதைத் தாண்டத் தாண்ட விறுவிறுப்பான தாளங்கள் கலையத் தொடங்கும். நிதானமான பாட்டு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: உங்கள் வாசிப்பை எங்கிருந்து கேட்கிறீர்கள்? பியானோ மென்பொருளிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறதென்றால் நோய் அங்கேதான். நண்பரின் ஒலி தாமதமாக வருகிறது. அதற்கு ஒட்டி நீங்கள் வாசிக்கிறீர்கள். அது இன்னும் தாமதமாக அவரைச் சேர்கிறது. அவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஒருவருக்காக ஒருவர் நின்று நின்று பாட்டே நடை தளர்ந்துவிடும். நேர் ஒலியை அடைத்துவிட்டு, சர்வரைச் சுற்றித் திரும்பி வரும் உங்கள் ஒலியை மட்டும் கேட்டு வாசியுங்கள். அப்போது எல்லோரும் ஒரே கலவையைக் கேட்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். விரல் தானாகச் சற்று முந்தக் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்கிறது.

பதில்: கீபோர்டின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து வருகின்றன. கீபோர்டின் அமைப்புகளில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சில நேரம் ஒரு சுரம் விட்ட பிறகும் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இணையக் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சுரத்தை நிறுத்தும் செய்தி எங்கோ தொலைந்திருக்கிறது. இசை மென்பொருளில் 'பேனிக்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாச் சுரங்களும் அடங்கும். அடிக்கடி நேர்ந்தால் யுஎஸ்பி கேபிளையும் ஹப்பையும் சந்தேகியுங்கள்.

ஒருமுறை எனக்கு எல்லாச் சுரங்களும் இழுத்துக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் ரூட்டரைத் திட்டினேன், இரண்டு முறை மென்பொருளை மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், மிதித்தால் சுரத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடல். பல கீபோர்டுகள் இயக்கும் தருணத்தில் பெடலின் நிலையைப் பார்த்து, அதுவே விட்ட நிலை என்று எடுத்துக்கொள்ளும். நான் பெடலின் மேல் கால் வைத்தபடி சுவிட்சைப் போட்டிருக்கிறேன். மிதித்தால் விடுதலை, விட்டால் இழுவை! அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி இயக்கினேன், சரியாகிவிட்டது. அன்று கூட வாசித்தவர்களிடம் 'இணையப் பிரச்சினை' என்றுதான் சொன்னேன்.

கேள்வி: புளூடூத் மிடி கீபோர்டு, வைஃபை மடிக்கணினி. போதுமா?

பதில்: தனியாகப் பயிற்சி செய்யப் போதும். சேர்ந்து வாசிக்க இரண்டுக்கும் கேபிள் போடுங்கள். தாமதம் கூடுவது ஒரு பக்கம். அது நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய துன்பம். மாறாத தாமதத்துக்கு விரல் பழகும், மாறும் தாமதத்துக்குப் பழகாது.

கேள்வி: என் கூட்டாளி வேறு கண்டத்தில் இருக்கிறார். எதுவும் உதவாதா?

பதில்: நிஞ்சாம் என்ற மென்பொருள் உதவும். அது தாமதத்தோடு சண்டை போடுவதில்லை. வேண்டுமென்றே தாமதத்தை நீட்டி, ஒரு முழுச் சுற்று ஆக்கிவிடுகிறது. சுற்றை 16 தாள அடி என்று வைத்தால், நீங்கள் இப்போது கேட்பது அவர் முந்தைய 16 அடியில் வாசித்தது. அவர் கேட்பதும் அப்படியே. சுற்று ஒன்றாக இருப்பதால் தாளம் பிசகாது. ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன்மேல் கற்பனை செய்பவர்களுக்கு இது கொண்டாட்டம். பல்லவி, சரணம் என்று மாறிக்கொண்டே போகும் பாட்டுக்கு ஆகாது, ஏனென்றால் நீங்கள் சரணத்துக்குப் போகும்போது உங்கள் காதில் அவர் இன்னும் பல்லவியில்தான் இருப்பார். ரீப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதன் பிளக்-இன் கூடவே வருகிறது. உங்கள் டிரம் மெஷினைக் கூட்டாளியின் பக்கத்திலிருந்து மிடி கிளாக்கால் (வேகத்தைச் சொல்லும் மிடித் துடிப்புகள்) இயக்கப் பார்க்காதீர்கள். ஒரு கால் சுரத்துக்கு 24 துடிப்பு அனுப்ப வேண்டும். கண்டம் தாண்டி வரும்போது அவை சீராக வந்து சேராது. இரு பக்கமும் அவரவர் மெட்ரோனோமே போதும்.