கெளுத்திக்குத் தண்ணீர் கடைசியில்தான்

கேள்வி: கொள்ளிடக் கரையில் உள்ள ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. சென்னையில் கடல்மீன் மட்டுமே சமைத்துப் பழக்கம். போன வாரம் என் கணவரும் கொழுந்தனாரும் ஆற்றில் பிடித்த ஒன்றரைக் கிலோ கெளுத்தியை உயிரோடு கொண்டுவந்தார்கள். ஆயும்போது ஒன்று கையில் குத்திவிட்டது. ஏழெட்டுத் தண்ணீர் அலசியும் வழுவழுப்புப் போகவில்லை. குழம்பில் சேற்று வாடை, மீனும் உடைந்து கரைந்துவிட்டது. வீட்டில் கேட்பதற்குப் பெரியவர்கள் இல்லை. அடுத்த முறை எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: ஆயும்போது நீங்கள் தப்பாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். கடல்மீனுக்குச் செய்வதுபோல முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டீர்கள். கெளுத்திக்கு முதலில் முள், அடுத்தது சாம்பல், தண்ணீர் கடைசியில்தான். இந்த வரிசை மாறினால் குத்தும், வழுக்கும், வாடை அடிக்கும். எங்கள் அப்பாயி கெளுத்தி ஆயும்போது, "கெளுத்தி ஆஞ்சா பாதிக் குழம்பு வச்ச மாதிரி" என்பார். அது உண்மைதான் என்பதை நான் தனியாகக் குடித்தனம் வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

முள்ளிலிருந்து தொடங்கலாம். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். பக்க முட்களில் ரம்பம்போலப் பல் இருக்கும். மீன் பயந்துவிட்டால் மூன்றையும் விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. மீசையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மீசை ஒன்றும் செய்யாது, இருட்டுத் தண்ணீரில் அது இரை தேடுவதற்கான உறுப்பு. முள்தான் ஆபத்து. முள்ளைச் சுற்றியுள்ள தோலில் விஷச் சுரப்பி இருப்பதால்தான் வெறும் முள் குத்தியதைவிட இதன் கடுப்பு பல மடங்காக இருக்கிறது. மீன் செத்த பிறகும் முள் குத்தினால் கடுக்கும்.

அதனால் உயிரோடு துள்ளும் மீனில் கை வைக்காதீர்கள். ஐஸ் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் அடங்கிவிடும். ஐஸ் இல்லையென்றால் துணியால் பிடித்து, கத்தியின் மழுங்கிய முதுகுப் பக்கத்தால் தலையில் ஓங்கி ஒரே அடி. மீனுக்கும் வேதனை குறைவு, சதையும் கெடாது. அப்புறம் கட்டிங் பிளேயரை எடுத்து மூன்று முட்களையும் அடியோடு நறுக்கி, ஒரு தாளில் சுற்றித் தூரப் போடுங்கள். இதை அரிவாள்மனையில் செய்ய முயல வேண்டாம். முள் தெறித்துக் கண்ணில் படலாம். தரையில் விழுந்த முள் இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் காலில் ஏறிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

குத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு, மஞ்சள் என்று ஓடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். அந்த விஷம் புரதத்தால் ஆனது. சூட்டில் அதன் வீரியம் குறையும், கடுப்பும் குறையும். குத்திய கைக்கு உணர்வு மரத்துப் போயிருக்கலாம். அதனால் சூட்டை மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இதைவிட மோசமாகக் கொட்டுவது தேளி. உடல் கறுத்து நீண்டு, முதுகில் முள் இல்லாமல் சின்னத் துடுப்பு மட்டும் இருக்கும். ஆனால் பக்க முள் தேளைப் போலக் கொட்டும். பெயர்க் காரணமே அதுதான் என்பார்கள். தேளி சேற்றுத் தண்ணீரிலும் காற்றைச் சுவாசித்து உயிரோடு கிடக்கும், கூடையில் போட்டு மணிக்கணக்கான பிறகும் துள்ளும். செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பவர்கள்தான் அதனிடம் அகப்படுகிறார்கள்.

சரி, வழுவழுப்புக்கு வருவோம். கெளுத்திக்குச் செதில் கிடையாது. செதில் செய்யும் காவலை அந்தச் சளிதான் செய்கிறது. அந்தச் சளி தண்ணீரை உறிஞ்சி ஊதும் தன்மை கொண்டது. நீங்கள் ஏழெட்டுத் தண்ணீர் அலசியபோது சளியைக் கழுவவில்லை, மேலும் மேலும் ஊற வைத்திருக்கிறீர்கள். ஐஸ் தண்ணீரில் போட்டிருந்தால் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, உலர்ந்த மீனின் மேல் அடுப்புச் சாம்பலை நன்றாகத் தூவி, ஐந்து நிமிடம் விட்டு, சொரசொரப்பான கல்லிலோ பழைய மண்சட்டியின் அடிப்புறத்திலோ வைத்துத் தலையிலிருந்து வால் நோக்கி உரசுங்கள். சாம்பல் சளியை இழுத்துக்கொண்டு திரளாக வந்துவிடும். விறகுச் சாம்பலாக மட்டும் இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரைப் போட்டு அடுப்பு மூட்டிய சாம்பல் வேண்டாம். கேஸ் அடுப்பு வீடென்றால் ஒரு கைப்பிடி கல்லுப்பும் அதே அளவு தவிடோ அரிசி மாவோ கலந்து தேய்க்கலாம். சிலர் கொதிநீரை ஊற்றுவார்கள். சளி வெள்ளையாகத் திரண்டு வரும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு கணம் கூடிவிட்டால் தோல் வெந்து, பின்னால் குழம்பில் உரிந்து மிதக்கும். கை பழகாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

தேய்த்து முடித்ததும் மீசையை நறுக்கி, செவுளை முழுதாகப் பிடுங்கி எறியுங்கள். ஆற்று மண் தங்கும் இடம் அது. வயிற்றைக் கீறும்போது கத்தியின் நுனி மட்டும் உள்ளே போகட்டும். ஈரலை ஒட்டிப் பச்சையாகப் பித்தப்பை இருக்கும், அது உடைந்தால் சதை கசக்கும். உடைந்துவிட்டால் உடனே உப்பும் புளித்தண்ணீரும் விட்டுத் தேய்த்து, பச்சை படிந்த சதையை அரிந்துவிடுங்கள். உடம்புக்கு நல்லது என்று மீன் பித்தத்தை விழுங்குகிற பழக்கம் சில ஊர்களில் உண்டு. கெண்டை இனத்து மீன்களின் பித்தத்தைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மீன் பித்தமும் வேண்டாம்.

குடலை எடுத்த பிறகு, நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓர் இரத்தக் கோடு தெரியும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கட்டை விரல் நகத்தால் சுரண்டி எடுங்கள், கவுச்சியில் பாதி அதனோடு போய்விடும். வயிற்றுச் சவ்வில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். இதற்கு அப்புறம்தான் தண்ணீர். மூன்று முறை அலசினால் போதும். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் புளியும் மஞ்சளும் கரைத்துப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக வடித்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சதை தளர்ந்துவிடும்.

இனி சேற்று வாடை. சேற்றைத் தின்றதால் மீனுக்கு வாடை வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரிலும் சேற்றிலும் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மீன் அதைச் செவுள் வழியாக உள்வாங்கிக் கொழுப்பில் சேர்த்துவைக்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசம் இருக்கிறதே, அதற்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம். மழையில் நமக்குப் பிடிக்கிற வாசம் குழம்பில் பிடிக்கவில்லை! உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஓடுகிற தண்ணீரில் பிடித்த மீனில் வாடை குறைவு. கோடையில் ஆறு வற்றி மடுவில் தேங்கிய தண்ணீரில் பிடித்ததில் அதிகம். உங்கள் மீன் எங்கே கிடைத்தது என்று கணவரிடம் கேளுங்கள், மடுவில் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

கொழுப்பில் இருக்கிற வாடை கழுவினால் போகாது. அதற்காகத்தான் வயிற்றுக் கொழுப்பை எடுக்கச் சொன்னேன். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன் என்றால் தோலையும் உரித்துவிடலாம். மற்றதைப் புளி பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்து வாசம் இழக்கிறது. ஆற்றுமீன் என்றால் புளி தூக்கலாக வைக்கும் நம் பழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. இதே காரணத்தால் கெளுத்திக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. தேங்காய் புளிப்பையும் காரத்தையும் மட்டுப்படுத்தி வாடையை மேலே தூக்கிவிடும்.

வாடையில் இன்னொரு வகை உண்டு. மண்ணெண்ணெய், சாயம், மருந்து இவற்றின் நெடி மீனில் அடித்தால் சமைக்கவே வேண்டாம். கெளுத்தி அடித்தண்ணீரில் மேய்கிற மீன், ஆற்றில் கலக்கிற கழிவு படிவதும் அங்கேதான். திருப்பூருக்குக் கீழே நொய்யல், தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய பாலாறு போன்ற இடங்களில் பிடித்ததை நான் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன். செத்து மிதந்த மீனும் அப்படித்தான், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

குழம்புக்கு வருவோம். ஆய்ந்த மீன் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு மீனை முழுதாகவே போடலாம், பெரியதை இரண்டு அங்குலத் துண்டுகளாக்குங்கள். தலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குழம்புக்குச் சாரம் அதில்தான். மீனில் உப்பும் மஞ்சளும் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்து, கசிகிற தண்ணீரை வடித்துவிடுங்கள். சதை இறுகும்.

மண்சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி வெந்தயம் போட்டுச் சிவந்ததும், கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம், பதினைந்து பல் பூண்டு. வதங்கியதும் இரண்டு தக்காளி. அவை குழைந்த பிறகு, பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, வீட்டுக் குழம்புத்தூள் மூன்று மேசைக்கரண்டி, உப்பு கலந்து ஊற்றுங்கள். இனிமேல்தான் பொறுமை வேண்டும். இருபது நிமிடமாவது கொதிக்கட்டும். பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். மீன் இல்லாமலேயே சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம் என்கிற பதம் வந்த பிறகுதான் மீன் உள்ளே போக வேண்டும். மாங்காய்க் காலமென்றால் நாலு துண்டு மாங்காயும் போட்டு, புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீன் உடைந்ததற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கும். கெளுத்தியின் சதை மென்மையானது, வஞ்சிரம்போல நின்று வேகாது. குழம்பு கொதிக்கும் முன்பே போட்டு, கரண்டியால் கிளறியிருப்பீர்கள். மீன் போட்டபின் கரண்டி சட்டிக்குள் போகக் கூடாது. சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுழற்று, அவ்வளவுதான். மிதமான தீயில் எட்டு நிமிடம், பெரிய துண்டென்றால் பத்து. நடுமுள்ளை ஒட்டிச் சதை வெள்ளையாகி முள்ளைவிட்டு விலகினால் வெந்துவிட்டது. ஆற்றுமீனில் புழு, ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடு கூடாது, அதே நேரம் மண்சட்டி இறக்கிய பிறகும் கொதிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சினை இருந்தால் மீனுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போடுங்கள், அது வேக நேரம் எடுக்கும். மழைக்காலத்தில் வயிறு உப்பிய சினை மீன் உயிரோடு கிடைத்தால் ஆற்றிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஆனால் ஆற்றில் திருப்பி விடக் கூடாத கெளுத்தி ஒன்றும் இருக்கிறது. முதுகுத் துடுப்பு வால்வரை ஒரே நீளமாக ஓடி, தலை அகன்று தட்டையாக இருந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கக்கூடும். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு ஒரு குட்டைத் துடுப்பும், அதன் பின்னால் சதைப்பற்றான இன்னொரு துடுப்பும் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்று தீர்த்துவிடும் என்பதால் இந்தியாவில் அதை வளர்ப்பதற்கு 2000-இலேயே தடை வந்துவிட்டது. பண்ணைகளிலிருந்து தப்பியவை ஆறுகளில் பரவிக் கிடக்கின்றன. இறைச்சிக் கழிவைப் போட்டு வளர்ப்பதும் உண்டு, எது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. நான் சமைப்பதில்லை, கரையில் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிடுவேன்.

வறுவலுக்குச் சிறிய கெளுத்தி நல்லது. மசாலாவோடு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறி, ஈரமில்லாமல் அரை மணி வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஒரு பக்கம் மொறுமொறுப்பாகாமல் திருப்பினால் தோல் சட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். கெண்டையில் இருக்கிற மயிர் முள் இதில் கிடையாது, நடுமுள்ளை உருவிவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊட்டலாம்.

குழம்பை மதியமே வைத்து இரவுக்குப் பரிமாறினால் புளி மீனுக்குள் இறங்கியிருக்கும். மறுநாளுக்கென்றால் ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் இரவு முழுக்க வெளியே வைப்பது சரியில்லை. சுட வைக்கும்போது மீன் துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு துண்டுகளை இறக்கி மூன்று நிமிடம் மூடி வையுங்கள். பழைய சோற்றுக்கு இந்தக் குழம்பைத்தான் நான் எடுத்து வைப்பேன்.