மாப்பிள்ளைத் தோழர்களுக்கு டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் 8 பேர், அத்தான்மார் 2 பேர், பெரியப்பா, மாமா என்று 12 பேருக்குச் சட்டைத்துணிக்குப் பதிலாகப் பையில் வைத்துக்கொள்ளும் டார்ச் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. ஆளுக்கு 1,000 ரூபாய் வரை போகலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கிவிடலாமா? கடையில் லுமென், எம்ஏஎச் என்று ஏதேதோ சொல்கிறார்கள்.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: நல்ல யோசனை. சட்டைத்துணி பீரோவில் தூங்கும். டார்ச், கோயில் கொடை முடிந்து வீடு திரும்பும் ராத்திரியிலும் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் விடியக்காலையிலும் கையில் இருக்கும். ஆனால் 12 பேருக்கும் ஒரே டார்ச் வேண்டாம். வாங்கிக்கொள்கிறவர் யார், ராத்திரியில் எங்கே நடக்கிறவர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

லுமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு; எம்ஏஎச் என்பது செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. முதலில் செல்லை முடிவு செய்யுங்கள். வெளிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். பாக்கெட் டார்ச்சுகளில் பெரும்பாலும் இரண்டு வகை செல்தான். ஒன்று, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ அளவு. இன்னொன்று, 18650 என்று எண் போட்ட லித்தியம் செல்; 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

பெரியப்பா வயதுக்காரர்களுக்கு ஏஏ டார்ச்சே சரி. மூணு கட்டை லைட்டுக்குப் பழகிய கைக்குச் செல் தீர்ந்தால் மாற்றத் தெரியும். சார்ஜ் போட நினைவு இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு நம் பக்கத்துப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். சார்ஜ் தீர்ந்த டார்ச் அந்த நேரத்தில் வெறும் அலுமினியக் குழாய். ஏஏ செல் எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு. ஒரு ஏஏ செல் டார்ச் 100 லுமென் வெளிச்சத்தில் ஏறக்குறைய 2 மணி நேரம் எரியும், 20 லுமெனில் ஒரு ராத்திரி ஓடும். வீட்டுக்குள்ளும் தெருவுக்கும் 20 லுமென் தாராளம். சாதாரணச் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். அதனால் 2,000 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் இரண்டும் அதன் சார்ஜரும் சேர்த்து வைத்துக் கொடுத்தால் உத்தமம். இவை கசிவது அபூர்வம். உறையில் 'குறைந்த தன்னிறக்கம்' என்ற பொருளில் எழுதியிருக்கும் வகையாக வாங்குங்கள். மற்றவை சும்மா இருந்தே சில வாரங்களில் சார்ஜ் இறங்கும்.

தோழர்களுக்கும் அத்தான்மாருக்கும் 18650 போட்டு, டைப்-சி வயரில் சார்ஜ் ஏறும் டார்ச் வாங்கலாம். செல்லைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். உள்ளேயே பற்றவைத்து மூடிய டார்ச், இரண்டு மூன்று வருடத்தில் செல் தளர்ந்ததும் குப்பைக்குத்தான் போகும்.

இனி வெளிச்சம். பெட்டியில் போட்ட உச்ச லுமெனைவிட, மிகக் குறைந்த நிலை எவ்வளவு என்று பாருங்கள். 5 லுமெனோ அதற்குக் கீழோ ஒரு நிலை இருந்தால்தான், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடலாம். அடுத்து சுவிட்ச். அணைத்து மறுபடி போட்டால் கடைசியாக இருந்த நிலையில் எரிகிறதா, வரிசையாக எல்லா நிலையையும் தாண்டி வர வேண்டுமா? விட்டுவிட்டு மின்னும் நிலை சாதாரண அழுத்தலிலேயே குறுக்கே வரும் டார்ச்சை ஒதுக்கிவிடுங்கள். இருட்டில் வரப்பின் மேல் நிற்கிறவருக்குக் கண் கூசி, கால் தவறும்.

வெளிச்சத்தின் நிறத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: நீலம் கலந்த வெள்ளை 6,500 கெல்வின், இளமஞ்சள் சாயல் 4,000 முதல் 5,000 கெல்வின். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு. 70 என்றால் சாதாரணம், 90க்கு மேல் நல்லது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணிலும் செம்மண் வரப்பிலும் காய்ந்த மட்டையா, கண்ணாடிவிரியனா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில், இந்த இளமஞ்சள், 90 சிஆர்ஐ வெளிச்சம் நீலத்தைவிட உதவும். பழுப்பும் சிவப்பும் கலங்காமல் தனித்தனியாகத் தெரியும். பூச்சியும் குறைவாகவே மொய்க்கும். அதற்காக 100 லுமென் குறைந்தாலும் பரவாயில்லை என்பதே எங்கள் கட்சி.

தோப்பு வைத்திருக்கும் மாமாவுக்கு மட்டும் தூரம் அடிக்கும் டார்ச் தேவை. பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அத்தனை தூரத்தில் பௌர்ணமி நிலா அளவு, அதாவது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் என்று அர்த்தம். பன்றியா, மாடா என்று அடையாளம் காணப் பாதித் தூரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் அதே ஒளி நான்கு மடங்காக இருக்கும்.

பட்டியலில் பெண்கள் யாரும் இல்லையே என்பதையும் சொல்லிவிடுகிறோம். மைனியும் தங்கச்சியும் ராத்திரி ஸ்கூட்டரில் வருகிறவர்களாக இருந்தால், சாவிக் கொத்தில் தொங்கும் சிறிய சார்ஜ் டார்ச் இரண்டு சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 599 ரூபாய்க்கு '10,000 லுமென், 9,800 எம்ஏஎச்' டார்ச் வருகிறது. கடையில் 500 லுமென் டார்ச்சே அதைவிட விலை கூட. எது உண்மை?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அந்த இரண்டு எண்ணும் பொய். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 லுமெனுக்கு 100 வாட் வேண்டும். 2,600 எம்ஏஎச் உள்ள ஒரு 18650 செல்லை அதன் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 9.4 வாட்-மணி வருகிறது. அந்தச் செல் 100 வாட்டைத் தாங்கினாலும் ஆறு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே அந்தச் சூட்டில் விரல் வைக்க முடியாது. 300 லுமென் என்றால் 3 வாட், மூன்று மணி நேரம். இதுதான் நடைமுறை.

18650 அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்லே 3,500 எம்ஏஎச் பக்கம்தான். 9,800 என்று அட்டை ஒட்டியிருந்தால் செல்லைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டி நிற்கும். 30 கிராம் காட்டினால், உள்ளே சின்னச் செல்லை வைத்து மீதி இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். செல்லின் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதம், வருடம் நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். முகவரியே இல்லாத பெட்டி என்றால், பழுதானால் யாரிடம் போவீர்கள்?

நல்ல தயாரிப்பாளர்களும் உச்ச வெளிச்சத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டுமே விடுவார்கள். சூடேறியதும் தானாகக் குறையும். அது பழுதல்ல. உச்சத்துக்கு அடுத்த நிலையில் எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டார்ச்சில் தம்பி பேரும் கல்யாணத் தேதியும் தமிழில் போட்டுக் கொடுக்க ஆசை. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற மாதிரி வெட்டலாமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: பாத்திரக்கடை ஊசி எவர்சில்வருக்குச் சரி. டார்ச்சின் கறுப்புப் பூச்சில் அது வழுக்கி, எழுத்து பிசிறடிக்கும். லேசரில் போடச் சொல்லுங்கள். பூச்சு மட்டும் எரிந்து வெள்ளி நிற எழுத்து தெளிவாக வரும். லேசர் கடையில் கொடுக்கும் முன் செல்லைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

எழுத்து உயரம் 4 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். உருளையின் வளைவில் அதற்கு மேல் போனால் ஓரம் மங்கும். கிளிப்புக்கு எதிர்ப்பக்கம் வழவழப்பாக இருக்கும் இடமே ஏற்றது. தமிழில் ஒரு தொல்லை உண்டு: கணினியில் எழுத்துரு மாறினால் 'செ', 'கோ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி விழும், புள்ளி காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் பேரைத் தட்டி அனுப்பாதீர்கள். பத்திரிகை அச்சடிக்கிறவரிடமே அந்த வரியைப் படமாக வாங்கிக் கொடுங்கள். ஒரே ஒரு டார்ச்சில் போட்டுக் காட்டச் சொல்லி, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பிறகு மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகே பேர் போட வேண்டும். பேர் விழுந்த பொருளைத் திருப்ப முயன்றால் கடைக்காரர் மல்லுக்கு நிற்பார்.

கேள்வி: சோதிப்பது என்றால் எப்படி? டவுனில் ஒரு கடையில் 6 டார்ச் வாங்கினோம்; 2 சார்ஜ் ஏறவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.
– சேரன்மகாதேவி வாசகர்

பதில்: அந்த இரண்டையும் முதலில் வேறு வயரில் போட்டுப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள புதுப் போன் சார்ஜரில் மலிவு டார்ச்சுகள் பல சார்ஜ் ஏறாது. சாக்கெட்டுக்குள் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தால்தான் சார்ஜர் அந்த டார்ச்சை இனம் கண்டு கரண்ட் விடும். சில ரூபாயை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனை சார்ஜரில் ஏறினால் இதுதான் காரணம். அப்போதும் ஏறாவிட்டால் பழுது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் போட்டு, உச்ச வெளிச்சத்தில் 10 நிமிடம் எரிய விடுங்கள். கை பொறுக்காத சூடு, வெளிச்சம் துடிப்பது, லேசாகத் தட்டினால் அணைவது என எதுவும் இருக்கக் கூடாது. பின்மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள்: உலோகத் தூள் இருக்கக் கூடாது, ரப்பர் வளையம் முறுக்காமல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் அந்த வளையம் பிசகினால் தூறலுக்கே தண்ணீர் புகும். பிறகு மறுபடி முழுக்கச் சார்ஜ் போட்டு ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட் காட்டும். வாரம் கழித்து 4.1க்கு நன்றாகக் கீழே போயிருந்தால், செல் தளர்ந்தது அல்லது அணைத்த பிறகும் டார்ச் கரண்டை உறிஞ்சுகிறது. எந்த டார்ச்சுக்கு எந்தக் குறை என்று மறக்காமல் 1 முதல் 6 வரை எண் எழுதிய சீட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பில் வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பழுதான டார்ச், பில், பெட்டி மூன்றையும் படம் எடுத்து, தேதி போட்டுக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் மனுப் போடலாம். வெளியூர்க் கடை, ஆன்லைன் கடை என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 'மனசு மாறிவிட்டது' என்பதற்கு இந்தச் சட்டம் உதவாது, பழுதுக்கு மட்டுமே.

கேள்வி: மச்சான் கல்யாணம் முடிந்ததும் திருவனந்தபுரம் வழியாகத் துபாய் திரும்புகிறார். டார்ச்சைக் கொண்டுபோக விடுவார்களா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: விடுவார்கள். கழற்றிய லித்தியம் செல் கைப்பையில்தான் போக வேண்டும். லக்கேஜில் போடக் கூடாது. முனைகள் உரசாதபடி டேப் ஒட்டுங்கள் அல்லது தனி டப்பாவில் வையுங்கள். விளிம்பில் பல் வெட்டிய டார்ச் சோதனையில் கேள்விக்கு இடம் கொடுக்கும். அவருக்கு வழவழப்பான தலை உள்ளதைக் கொடுங்கள்.

கேள்வி: சார்ஜ் போட்டுக் கொடுப்பதா, போடாமல் பெட்டியோடு கொடுப்பதா? கூடவே எதாவது எழுதி வைக்கலாமா?
– முக்கூடல் வாசகி

பதில்: சார்ஜ் போட்டுத்தான். வாங்கியவுடன் அழுத்திப் பார்க்காத ஆள் கிடையாது. பெட்டிக்குள் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் பட்டு உள்ளேயே எரிந்து சூடேறும். சட்டைப்பையிலும் வேட்டி மடிப்பிலும் உச்ச வெளிச்சத்தில் எரிந்தால் துணியே பொசுங்கும். தளர்த்திய பிறகு சுவிட்சை அழுத்திச் சோதியுங்கள். சில மாடல்களில் கால் சுற்று போதாது, அரைச் சுற்று வேண்டும்.

தாம்பூலப் பையில் போடும் அளவுச் சீட்டில் இவ்வளவு எழுதினால் போதும்:

"பின்மூடியை இறுக்கினால் எரியும். பையில் வைக்கும்போது தளர்த்தவும்.
மாதம் ஒரு முறை சார்ஜ் போடவும்.
வெயிலில் நிற்கும் காரிலும் பைக் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.
பிள்ளைகள் கண்ணில் அடிக்க வேண்டாம்."

ஏஏ டார்ச் வாங்கியவர் சீட்டில் இரண்டாவது வரிக்குப் பதிலாக, "14500 என்ற எண் உள்ள செல்லைப் போட வேண்டாம்" என்று எழுதுங்கள். அதுவும் அதே உருவம், அதே நீளம்; ஆனால் 1.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.7 வோல்ட் பாயும். அதற்கென்று செய்யாத டார்ச் ஒரே அழுத்தில் கருகிவிடும்.