வருமானமே இல்லை, வரி 85,165 டாலரா?

கேள்வி: நானும் நண்பரும் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி பதிவு செய்திருக்கிறோம். இன்னும் ஒரு டாலர்கூட வருமானம் இல்லை. ஆனால் ஃபிரான்சைஸ் டேக்ஸ் 85,165 டாலர் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கம்பெனியை மூடிவிடலாமா? (பேலன்ஸ் ஷீட் இணைத்துள்ளேன்.)
– வாசகர், கோவை

பதில்: பதறாதீர்கள். தொகையைப் பார்த்ததுமே உங்களுக்கு 1 கோடி ஷேர் வரை வெளியிட அனுமதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கம்பெனி பதிவில் இருப்பதற்காக மாநிலம் ஆண்டுதோறும் வாங்கும் இந்த வரிக்கும் லாபத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடை பூட்டிக் கிடந்தாலும் வாடகை உண்டல்லவா, அந்த மாதிரி.

நோட்டீஸ் போட்டவர்கள், பதிவின்போது நீங்கள் அனுமதி வாங்கிய ஷேர்களை எண்ணியிருக்கிறார்கள். முதல் 10,000 ஷேருக்கு 250 டாலர். அதற்குமேல் ஒவ்வொரு 10,000-க்கும் 85. உங்களுக்கு அப்படி 999 முறை. பெருக்கினால் 84,915, அதோடு 250.

சட்டம் இன்னொரு வழியும் தருகிறது. எது குறைவோ அதைக் கட்டினால் போதும். உங்கள் மொத்தச் சொத்து, கடனைக் கழிக்காமல், 2 லட்சம் டாலர். அனுமதி வாங்கியதில் பங்குதாரர்களுக்கு உண்மையில் ஒதுக்கிய ஷேர் 80 லட்சம். வகுத்தால் ஒரு ஷேர் 2.5 சென்ட், உங்கள் முகமதிப்பைவிட (பதிவின்போது ஒரு ஷேருக்கு எழுதிய விலை) அதிகம் என்பதால் இதுவே செல்லும். அனுமதி வாங்கிய 1 கோடியால் பெருக்குங்கள்: 2.5 லட்சம் டாலர். ஒவ்வொரு 10 லட்சம் டாலருக்கும் வரி 400; குறைந்தால் முழு 10 லட்சமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆக 400, ஆண்டறிக்கைக் கட்டணம் 50. முடிந்தது.

ஒதுக்கீட்டில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். இதே சொத்துக்கு நீங்கள் வெறும் 1 லட்சம் ஷேர் ஒதுக்கியிருந்தால் ஒரு ஷேர் 2 டாலர் ஆகும். 1 கோடியால் பெருக்கினால் 2 கோடி டாலர், வரி 8,000! கம்பெனியும் அதேதான், கையிருப்பும் அதேதான். அனுமதிக்கும் ஒதுக்கீட்டுக்கும் இடைவெளி கூடக்கூட வரி ஏறும்.

ஆன்லைனில் ஆண்டறிக்கை தரும்போது ஒதுக்கிய ஷேரையும் மொத்தச் சொத்தையும் கட்டாயம் நிரப்புங்கள். சொத்து எண், அமெரிக்க மத்திய அரசுக்குத் தரும் கம்பெனி வருமான வரிப் படிவம் 1120-இல் காட்டுவதோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி நாள் மார்ச் 1. தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி.

மூடுவது உங்கள் இஷ்டம். ஆனால் வரி பாக்கியைக் கட்டாமல் கலைப்புப் பத்திரத்தை டெலவேர் ஏற்காது.