புதுச்சேரி மாடியில் பூக்காத ஆப்பிள் கன்று

பூக்காத ஆப்பிள் கன்றுக்கு உரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரத்தைக் கூட்டுவதால் அது பூக்கப்போவதில்லை. முத்தியால்பேட்டை மாடித் தொட்டியில் மூன்று ஆண்டுகளாக அது இலை மட்டுமே விடுவதற்குப் பெரும்பாலும் குளிர்ப் பற்றாக்குறையே காரணம்.

இமயமலைப் பகுதி ரகங்கள் பலவும் பனிக்காலத்தில் மொட்டுகளை உறங்கவைத்து, 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணி நேரம் கழிந்த பிறகே அவற்றை விழிக்கவிடுகின்றன. நடுவில் வரும் ஓரிரு வெப்ப நாள்களை நம்பி மலர்ந்து உறைபனியில் கருகாமலிருக்க அவை கண்ட வழி அது. நம் மார்கழி இரவோ 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. தொட்டியில் பனிக்கட்டி போடுவதும் வீண். குளிரைக் கணக்கெடுப்பது மொட்டு, வேரன்று.

விற்றவரிடம் ரகத்தைக் கேளுங்கள். ‘அன்னா’வாக இருந்தால் மிகக் குறைந்த குளிரே போதும் என்பதால், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் செய்வதுபோல், மொட்டுகளைத் தூண்ட இலைகளைக் கையால் உருவிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் அது பூத்தாலும், நன்றாகக் காய்க்க வேறொரு ரகம் அருகில் இருக்கவேண்டும்.