தீபாவளிப் பங்கும் கப்பலில் வந்த பருப்பும்

கேள்வி: இறைச்சி உண்பது அறத்துக்கு ஒத்ததா? ஊரில் விளைந்ததையும் வளர்ந்ததையும் மட்டும் வாங்கி உண்டால் குற்றம் குறையுமா?

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் வசிப்பவன். மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், உண்பவன். வெள்ளிக்கிழமைகளிலும், கந்தசஷ்டியிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் எங்கள் வீட்டு மச்சச் சட்டி கவிழ்ந்தே கிடக்கும். ஆகவே முழுச் சைவர் ஒருவரின் பதிலை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

சிறுவயதில் தீபாவளி என்றால் எங்களுக்குப் பங்கு இறைச்சிதான். ஏழெட்டு வீட்டார் காசு சேர்த்து ஒரு கிடாய் வாங்குவார்கள். விடியுமுன் உரித்து வெட்டி, பனையோலைப் பாயின் மேல் கூறு வைப்பார்கள். ஈரலில் ஒரு துண்டு, எலும்பில் இரண்டு, கொழுப்பில் கொஞ்சம் என்று எல்லாக் கூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளி வரை வேலிக்கு மேலால் பேச்சு இருக்காது. ஒரு வருடம் எங்கள் வளவில் வளர்ந்த கிடாயையே மாமா பங்குக்குக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் அதற்குக் கிளுவைக் குழை முறித்துப் போட்டவன் நான். அன்று அம்மம்மா சோற்றுக்குப் பருப்பை மட்டும் விட்டுக்கொண்டார். "இந்தக் கையால் தண்ணீர் வைத்தேன், எனக்கு இறங்காது" என்றார். நான் உண்டேன். ருசியாக இருந்தது. அதை மறைத்துவிட்டு அறம் பேசினால் நான் சொல்வதில் பாதி பொய்யாகிவிடும்.

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறீர்கள். கொல்லலாமா என்பது ஒன்று. எங்கிருந்து வருகிறது என்பது வேறொன்று. அந்தக் கிடாய் எங்கள் கிணற்றடியிலிருந்து நூறு அடி தள்ளித்தான் செத்தது. கத்தி பட்டபோது அதற்கு வலி குறைந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. புவி வெப்பமாவதைக் காட்டியும் "ஊர் ஆடு நல்லது" என்று வாதாட முடியாது. உணவால் வெளியேறும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. ஆடும் மாடும் அசைபோட்டு விடும் மீதேன் அதைவிடப் பெரிது. ஊர் ஆடும் அசைபோடுகிறதே.

இப்படிச் சொன்னதும் சைவ நண்பர்கள் மகிழ்வார்கள். அவர்களுடைய சட்டியையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். நாம் தினமும் அவிக்கும் மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. தேநீருக்குக் கரைக்கும் பால்மா பெரும்பாலும் நியூசிலாந்தினுடையது. ஊர் வெங்காயம் என்று பெருமைப்படுகிறோம். அது விளையும் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கொட்டுகிற யூரியா கசிந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. அந்தக் கிணற்றில்தான் குடிக்கவும் அள்ளுகிறோம்.

அந்தத் தோட்டத்தைப் பழைய முறையில் செய்தாலும் விலங்கு வேண்டும். பூவரசங் குழை தாழ்ப்பார்கள், ஆட்டெருவும் மாட்டெருவும் போடுவார்கள், தோட்டத்திலேயே பட்டி அடைப்பார்கள். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது, அதுவரை ஆட்டுக்காரரைத் திரும்பிப் பாராதவர்கள் எல்லாம் எருவுக்காக அவர் படலையில் நின்றார்கள். எருவுக்காக வளர்க்கும் மந்தையில் கிடாய்க் குட்டிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தச் சைவரும் எனக்கு நேரான பதில் தந்ததில்லை. கேட்டவுடன் பேச்சை மாற்றுவார்கள்.

கடலுணவில் "ஊர்" என்ற சொல்லே ஏமாற்றிவிடும். மாரியில் கடலில் இந்திய இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துப் போகின்றன என்று திட்டுகிறோம், திட்டத்தான் வேண்டும். ஆனால் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட இழுவைமடி என்ற கடலடியை வாரும் வலையை நம் பக்கத்திலும் சிலர் இழுத்தார்கள். அடித்தரையை வாரி, குஞ்சும் முட்டையுமாக அள்ளிய அந்த மீனும் ஊர் மீன்தான். அதனால் சந்தையில் நான் இப்போது கேட்பது, எந்தத் துறை என்று அல்ல, எந்த வலை என்று. பாதி நாள் விற்பவருக்கும் தெரியாது. ஒருமுறை ஓர் அக்கா, "வாங்கப் போகிறீர்களா, விசாரணை செய்யப் போகிறீர்களா?" என்று கேட்டார். வாங்கினேன்.

பண்ணைக் கோழியை நிறுத்திவிட்டேன். சில வாரங்களில் கொழுக்க வைத்து, பல வேளைகளில் தன் காலில் நிற்கவே சிரமப்படும் நிலையில் வெட்டப்படும் பறவை அது. அதன் தீனியில் கிடக்கும் சோயாப் புண்ணாக்கும் கடல் கடந்து வருவதுதான். விலை மலிவு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் புலால் உண்பதையும் கோவிலில் உயிர்ப்பலி கொடுப்பதையும் கடுமையாகக் கண்டித்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோவில் வேள்விக்கு, அதாவது ஆடு கோழி பலியிடுவதற்கு, தடை விதித்தபோது ஊரில் பலர் கைதட்டினார்கள். உயிரிரக்கத்தால் தட்டியவர்களை மதிக்கிறேன். ஆனால் இங்கே "நாங்கள் சுத்த சைவம்" என்ற சொல்லுக்குள் பல வேளைகளில் சாதிதான் ஒளிந்திருக்கிறது. வேள்வியில் ஆடு வெட்டியவரைப் பார்த்து முகம் சுளித்த சிலர், அதே கிழமை நகரத்துக் கடையில் கொத்துரொட்டிக்கு ஆட்டிறைச்சி கேட்டதை நான் பக்கத்து மேசையில் இருந்து கண்டிருக்கிறேன்.

கொல்வது சரி என்று நிறுவ என்னிடம் நியாயம் இல்லை. இருப்பது பழக்கமும் நாக்கும். முன்பு ஞாயிறு தவறாமல் இருந்த இறைச்சி இப்போது மாதம் ஒரு முறை. அதுவும் வளர்த்தவரையும் வெட்டியவரையும் தெரிந்தால் மட்டும். இது அறம் இல்லை, என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

இந்தத் தீபாவளிக்கும் பங்குக்குப் பெயர் கேட்டு வந்தார்கள். அரைப் பங்கு சொல்லியிருக்கிறேன். மகளுக்கு வேண்டாமாம், அவளுக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. பொரிக்கும் சட்டியைத் தனியாக வைக்கச் சொல்லி நேற்றே உத்தரவும் போட்டுவிட்டாள்.