மேகலா எப்படி மகேலா ஆனாள்?

கேள்வி: என் மகளின் நாட்டிய அரங்கேற்றத்துக்கு அவள் அண்ணனே கணினியில் அழைப்பிதழ் வடிவமைத்தான். ஏ5 அளவு, 200 பிரதிகள் தேவை. முதலில் 10 மட்டும் அச்சடித்து வாங்கினோம். திரையில் பளபளத்த மயில்கழுத்து நீலம் தாளில் மங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘மேகலா’ என்ற பெயர் ‘மகேலா’ என்று வந்திருக்கிறது! சரியாகத்தான் தட்டினேன் என்று மகன் சாதிக்கிறான். தவறு யாருடையது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 10 பிரதியோடு நிறுத்தினீர்களே, பிழைத்தீர்கள் அம்மா. மகனைக் கோபிக்காதீர்கள். அவர் தட்டியது சரிதான்.

கணினி ‘மே’ என்பதை முதலில் ‘ம’, அதன் பிறகு இரட்டைக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது. கொம்பை இடப்பக்கம் தள்ளி வைப்பது மென்பொருளின் வேலை. அது தமிழ் அறியாததாக இருந்தால் கொம்பு ‘ம’வுக்குப் பின்னாலேயே நின்று ‘க’வோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் சரியாகத் தெரிந்தது கடையில் உடைந்திருப்பதால், மகன் வடிவமைப்புக் கோப்பையே அப்படியே அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அச்சகத்தில் இருந்த காலத்தில் நானும் இப்படி ஒரு கோப்பைத் திறந்து, சரிபார்க்காமல் அச்சுத் தகடு எடுத்துவிட்டேன். 500 திருமணப் பத்திரிகைகளில் தேவகி ‘தவேகி’ ஆனாள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பெண்ணின் தந்தை சிரிக்கவில்லை. மறு அச்சுச் செலவு என் தலையில்.

சன்ஷைன் பிளாசாவிலோ பிராஸ் பசாவிலோ உள்ள அச்சுக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால், நம் எழுத்து அவருக்கு வெறும் படம். கொம்பு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அவர் எப்படி அறிவார்? அதனால் அதை நிஜமாகவே படமாக்கிக் கொடுத்துவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ கொடுத்தால் அவை வெறும் கோட்டு வடிவங்களாகிவிடும். எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாது. ஆனால் அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியே சேமித்துவிட்டு, மாற்றியதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம், படம் தாளின் விளிம்போடு முடிந்ததுதான். கட்டுக்கட்டாக வெட்டும்போது கத்தி மயிரிழை விலகினாலும் வெறும் தாள் எட்டிப்பார்க்கும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்டவேண்டும். இதைத்தான் பிளீட் என்பார்கள். ஏ5 என்றால் கோப்பு 154க்கு 216 மில்லிமீட்டர். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 1,820க்கு 2,550 பிக்சல். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்.

நிறத்துக்கு முழு மருந்து கிடையாது. திரை ஒளியால் காட்டுகிறது. அச்சு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால். அந்த ஒளிரும் நீலம் நான்கு மைக்குள் அடங்காது. தனி மை கலந்து அடிக்கலாம்தான்; 200 பிரதிக்கு அது வீண் செலவு. கோப்பைச் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை முறைக்கு மாற்றி, மங்கிய நீலத்தைத் திரையிலேயே பார்த்து, பக்கத்து நிறங்களை இன்னும் அடக்கிவிடுங்கள். மயில் தானாக எடுப்பாகத் தெரியும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு மையும் கலந்த கறுப்பு இம்மி விலகினால் எழுத்தோரம் வண்ண நிழல் தட்டும்.

திருத்தியபின் மறுபடி ஒரே ஒரு பிரதி வாங்கி, வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் அல்ல, தாளில்.