கணினி கேள்வி பதில்: எட்ட இருக்கிற சேர்வரில் எங்கே நிற்கிறேன்?

(கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. சேர்வர் என்பது வெப்சைட்டின் பைல்கள் இருக்கிற எட்டக் கணினி, எஸ்எப்டிபி அதற்குப் பைல் ஏற்றி இறக்குகிற வழி. எல்எஸ் பட்டியல் காட்டும், சிடி (சேஞ்ச் டைரக்டரி) கோப்புறை மாற்றும், புட் பைலை ஏற்றும், கெட் இறக்கும்.)

அண்ணே, எங்கட ஊர் அம்மன் கோயில் வெப்சைட்டை நான்தான் பார்க்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சான் சேர்வர் எடுத்துத் தந்து பாஸ்வேர்டை வட்ஸ்அப்பில் அனுப்பினார். எஸ்எப்டிபியில் உள்ளே போயிட்டேன். எல்எஸ் அடித்தால் பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற கோப்புறை தெரிகிறது, ஆனால் சிடி /பப்ளிக்_எச்டிஎம்எல் என்று அடித்தால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. புட் அடித்தாலும் சடங்குப் படம் போகுதில்லை.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

தம்பி, முதல் பிரச்சினைக்குக் காரணம் அந்த ஸ்லாஷ். முன்னால் ஸ்லாஷ் போட்டால் சேர்வரின் ஆக மேலே இருக்கிற கோப்புறையிலிருந்து தேடும், உங்களுடையதோ நீங்கள் உள்ளே போனதும் நிற்கிற கோப்புறைக்குள் இருக்கிறது. ஸ்லாஷை எடுத்துவிட்டு அடியுங்கள், போகும். போனதும் பிடபிள்யூடி அடித்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று முழுப் பாதையையும் காட்டும். ஒரு படி மேலே வர சிடி, ஓர் இடைவெளி, இரண்டு புள்ளி. எங்கேயோ போய் மாட்டிக்கொண்டால் வெறும் சிடி போதும், தொடங்கின இடத்துக்கே கொண்டுவந்து விடும். இன்னொன்று, லினக்ஸ் சேர்வர் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகத்தான் பார்க்கும், அதனால் பெயரை எல்எஸ் காட்டுகிற மாதிரியே அடிக்க வேண்டும்.

புட் ஏன் வேலை செய்யவில்லை என்றால், எஸ்எப்டிபிக்குள் இருக்கும்போது நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறீர்கள், ஒன்று சேர்வரில், மற்றது உங்கள் லப்டொப்பில், ஆனால் திரையில் இரண்டுமே தெரியாது. சிடியும் எல்எஸ்ஸும் பிடபிள்யூடியும் சேர்வர் பக்கத்துக்கு. அதே கட்டளைகளுக்கு முன்னால் ஓர் எல் சேர்த்தால் உங்கள் பக்கத்துக்கு: எல்சிடி, எல்எல்எஸ், எல்பிடபிள்யூடி. உங்கள் படங்கள் ஒரு கோப்புறையில் கிடக்க லப்டொப் பக்கம் வேறொன்றில் நின்றால் புட் எதை எடுத்து அனுப்பும்? எல்பிடபிள்யூடி அடித்துப் பாருங்கள், எல்சிடியால் படம் இருக்கிற இடத்துக்குப் போங்கள், அப்புறம் புட். கெட் அடிக்கும்போதும் இதே கதைதான், பைல் வந்துவிட்டது, எங்கே வந்தது என்று தேடித் திரிகிறவர்கள் கனபேர்.

எல்எஸ், ஓர் இடைவெளி, ஹைபன் எல் அடித்தால் விபரமான பட்டியல் வரும். வரியின் முதல் எழுத்து டி (டைரக்டரி) என்றால் கோப்புறை, வெறும் கோடு என்றால் பைல். திகதிக்கு முன்னால் இருக்கிற எண் அளவு, பைட்டில். கிட்டத்தில் மாற்றின பைலுக்கு நேரம் காட்டும், ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் நேரத்துக்குப் பதிலாக ஆண்டு காட்டும். இரவு 8 மணிக்கு ஏற்றின படம் 14:30 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் சேர்வரின் நேரம், யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிற சேர்வர் நமக்கு ஐந்தரை மணி பின்னால்.

வட்ஸ்அப்பில் வந்த அந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள் மச்சானிடம்.

சேர், விண்டோஸோடு வருகிற பழைய எப்டிபியில் லொகின் சரியாக ஆகிறது, பட்டியல் பார்க்க டிஐஆர் அடித்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. லைன் பிரச்சினையா?
– ஆசிரியை ஒருவர், அக்கரைப்பற்று

லைன் இல்லை, ரீச்சர். எப்டிபி 1971இல் அபய் பூஷன் எழுதிய, பைல் அனுப்புகிற பழைய முறை, அது கட்டளைக்கு ஓர் இணைப்பும் (போர்ட் 21, அதாவது சேர்வரின் 21ஆம் வாசல்) பட்டியலுக்கும் பைலுக்கும் வேறோர் இணைப்பும் பாவிக்கிறது. ஆக்டிவ் முறையில் அந்த இரண்டாவதை சேர்வர்தான் உங்கள் பக்கம் வந்து திறக்கப் பார்க்கும், வீட்டு ரவுட்டரோ பயர்வோலோ வெளியிலிருந்து வருகிறதை உள்ளே விடாது. அதுதான் லொகின் ஆகிறது, பட்டியல் வருகுதில்லை. இரண்டாவது இணைப்பையும் உங்கள் கணினியே திறக்கிற பாசிவ் முறைக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் விண்டோஸின் அந்தப் பழைய கருவியில் பாசிவ் இல்லை, அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் சேர்வர் எஸ்எப்டிபிக்கு இடம் கொடுத்தால் அதற்கே மாறுங்கள், எல்லாம் போர்ட் 22 வழியே ஒரே இணைப்பில் போகும், பாஸ்வேர்டும் மறைகுறியாக்கப்பட்டுப் போகும். விண்டோஸ் 10இன் 2018க்குப் பிந்திய பதிப்புகளில் அது கூடவே வருகிறது.

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரே கோப்புறையில் ஆயிரக்கணக்கான போட்டோ. எல்எஸ் அடித்தால் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது, கடைசியாக ஏற்றினதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
– வாசகர், ஏறாவூர்

ஓடுகிறதை நிறுத்த கன்ட்ரோல் சி. அப்புறம் எல்எஸ், ஓர் இடைவெளி, ஹைபன் எல்டிஆர் (டி டைமுக்கு, ஆர் ரிவர்ஸுக்கு) அடியுங்கள், நேரப்படி அடுக்கிப் புதியதைக் கடைசியில் காட்டும், அதாவது நீங்கள் அடுத்த கட்டளை அடிக்கிற இடத்துக்கு நேர் மேலே. ஒரு வகை பைல் மட்டும் வேண்டும் என்றால் எல்எஸ் *.ஜேபிஜி. ஆனால் இதனால் டேட்டா மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள், எஸ்எப்டிபியில் சேர்வர் முழுப் பட்டியலையும் அனுப்பத்தான் செய்யும், வடிகட்டுவது உங்கள் கணினி. கவரேஜ் குறைந்த நேரத்தில் அதற்காகக் காத்திருக்க எரிச்சலாக இருக்கும். எம்கேடிஐஆர் (புதிய கோப்புறை உண்டாக்குகிற கட்டளை, மேக் டைரக்டரி) போட்டு ஆண்டுக்கு ஒரு கோப்புறை, கலியாணத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வையுங்கள். பெயருக்குள் இடைவெளி விடாதீர்கள், விட்டால் ஒவ்வொரு தடவையும் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத்தான் சிடி அடிக்க வேண்டிவரும்.